மலைநடைச் சங்கம், கொழும்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு இவ்வாண்டு அதிகம் மினக்கெட்டது மழை, காற்றைப் பார்த்து எந்த மலைநடையை நிறுத்துவது என்பதில்தான். ஆகவே அறிக்கையும் அதைப் பற்றியதே.

வெள்ளவத்தையில் வெயில் எறிக்க நடையை ஏன் ஒத்திவைத்தீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. கொழும்பு வானம் நக்கிள்ஸ் மலைக்குச் சாட்சி சொல்லாது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் என்கிற தென்மேற்குப் பருவக்காற்று சிவனொளிபாத மலைப் பக்கத்தை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை என்கிற வடகிழக்குப் பருவக்காற்று நக்கிள்ஸின் கிழக்குச் சரிவில் கொட்டும். ஏப்ரல், ஒக்டோபரில் காலை தெளிவு, பின்னேரம் இடி. பகல் 1 மணிக்கு முன் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும்.

மண்சரிவுக்கு, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படி வைத்திருக்கிறது. அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. நாங்கள் வேண்டுமென்றே போகிறவர்கள். எனவே முதற்படி எச்சரிக்கை உள்ள பிரிவுக்குள்ளேயே நடை இல்லை. மழை விட்டபின்னும் இரண்டு நாள் பொறுக்கிறோம். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அடிப்பாறையில் தேங்கி, மண்ணின் பிடியைத் தளர்த்த நேரம் எடுக்கும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்ததும் நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகுதான்.

வழியில் பார்க்க வேண்டியவை: சரிவின் மேற்பகுதியில் பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், புதிதாக ஊறும் ஊற்று, தூர்ந்த தேயிலைத் தோட்ட வடிகான். மழை பெய்துகொண்டிருக்க ஓடை திடீரென வற்றினால் மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. ஓடையோரமாகக் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேடேறுங்கள். பிறகு 117க்கு அறிவியுங்கள்.

தங்குமிடங்களில் வைக்கும் போத்தல் மழைமானி பலருக்குப் பிழையான அளவைக் காட்டியது. நேரான பக்கமுள்ள போத்தலின் கழுத்தை வெட்டிப் புனலாகக் கவிழ்க்க வேண்டும். அடிப்பக்கம் குழியாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றி, அதைப் பூச்சியமாகக் குறித்தே அளக்க வேண்டும். பூச்சியக்கோடு போடாததால்தான் அளவு பிசகியது. மரத்தடியில் வைத்த மானியும் பொய்தான் சொல்லும்.

காற்றுக்குக் கருவி தேவையில்லை. குடை பிடிக்கச் சிரமமானால் மணிக்கு 40 கிலோமீற்றர். எதிர்க்காற்றில் நடக்கவே முடியாவிட்டால் 60ஐத் தாண்டிவிட்டது, திரும்புங்கள். இரு குன்றுகளுக்கு இடையிலான கணவாயில் காற்று நெருங்கி, முன்னறிவிப்பில் சொன்னதைவிடக் கடுமையாக வீசும். ஹோட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேல். அங்கே ஈரச்சட்டையோடு காற்றில் நின்றால் சற்றுநேரத்தில் நடுக்கம் பிடிக்கும். பொலித்தீனில் சுற்றிய உலர்ந்த சட்டை ஒன்று ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். குளிர்காப்புடை கொண்டுவரச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். மேலே போய் அவர்களே மற்றவரிடம் கேட்கிறார்கள்.

ரத்தான நடை ஒன்றின் பஸ் முற்பணம் இன்னும் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு முதல், முந்திய நாள் மாலை 6 மணிக்கு முடிவு அறிவிக்கப்படும். அதன்பின் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்து மன்றாட வேண்டாம்.

செயலாளர்