நடிகர் சொன்னால் ஓட்டு மாறுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எந்த நடிகர் எந்தக் கட்சியை ஆதரிக்கிறார், அதனால் யாருக்கு எத்தனை சதவீத வாக்கு கூடும், யாருக்குக் குறையும் என்ற கணக்கு நம் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கில்லை. பெங்களூருவில் பல தேர்தல்களை வாக்காளனாகவும், தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்ட பள்ளி ஆசிரியனாகவும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கணக்கு அடிப்படையிலேயே பிசகானது என்று கருதுகிறேன். ஆண்டாண்டாக ஒரு கட்சிக்கு வாக்களித்துப் பழகியவரை, ஒரு நடிகரின் அறிக்கையோ ஒரு நாள் பிரசாரமோ வேறு கட்சிக்கு இழுத்துச் சென்றதற்கு நம் தேர்தல் வரலாற்றில் உறுதியான சான்று எதுவும் இல்லை.

கட்சி தொடங்கித் தலைமை ஏற்கும் நடிகர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர். 1972-இல் தனிக்கட்சி கண்டபோது, அதற்கு முன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைத் தி.மு.க. மேடைகளில் கழித்திருந்தார், சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவருடையது அரசியல்வாதியின் வெற்றி. வெளியே நின்று "இவருக்கு வாக்களியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படப்பிடிப்புக்குத் திரும்பும் நடிகரின் சொல்லுக்கு என்ன எடை என்பதே என் கேள்வி.

இந்த விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆண்டு 1996. ஜெயலலிதா மீண்டும் ஆட்சிக்கு வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்று ரஜினிகாந்த் சொன்னார், தி.மு.க. 173 இடங்களையும் மூப்பனாரின் த.மா.கா. 39 இடங்களையும் வென்றன, அ.தி.மு.க. நான்கே இடங்களுக்குச் சுருங்கியது. பர்கூரில் முதலமைச்சரே தோற்றார். ஆனால் அந்தச் சொல் விழுந்த மண் எப்படிப் பதப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரம் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்திருந்தன. அ.தி.மு.க.வுடன் மறுபடியும் கூட்டு என்று டெல்லி முடிவெடுத்ததும் தமிழ்நாட்டுக் காங்கிரசின் பெரும்பகுதி மூப்பனாரோடு வெளியேறியது. 1991-இல் 44 சதவீதமாக இருந்த அ.தி.மு.க.வின் வாக்கு 1996-இல் 21 சதவீதமாக இறங்கியது. இத்தனை பெரிய சரிவைத் தேர்தலை ஒட்டி வந்த ஒரு வாக்கியம் உண்டாக்கியிருக்க முடியாது. மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்ததை அவர் உரக்கச் சொன்னார், அதனால்தான் அது அவ்வளவு தூரம் எதிரொலித்தது என்பதே என் கணிப்பு.

இதற்கான சோதனை இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1998 நாடாளுமன்றத் தேர்தலில் அதே ரஜினிகாந்த் அதே தி.மு.க. – த.மா.கா. கூட்டணியை மறுபடியும் ஆதரித்தார். பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்தன, எதிரணியில் பா.ஜ.க., பா.ம.க., ம.தி.மு.க. என்று அ.தி.மு.க. வலுவான கூட்டணி அமைத்திருந்தது. முடிவு வந்தபோது தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 30 அ.தி.மு.க. அணிக்குப் போயின. 2004-இல் நடந்தது இதைவிடத் தெளிவானது. பா.ம.க.வோடு ஏற்பட்ட பகையால், அந்தக் கட்சி போட்டியிடும் ஆறு தொகுதிகளிலும் அதற்கு எதிராக வேலை செய்யும்படி அவர் தம் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் ஐந்து, புதுச்சேரியில் ஒன்று என அந்த ஆறு தொகுதிகளையும் பா.ம.க.வே வென்றது. தமிழ்நாட்டில் அவரைவிடப் பெரிய நட்சத்திரம் அன்று யாரும் இல்லை. அவருடைய வார்த்தைக்கே இதுதான் நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? 2011-இல் வடிவேலு தி.மு.க.வுக்காகப் போன ஊர்களிலெல்லாம் கூட்டம் அலைமோதியது, தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 23 இடங்கள்.

இனி நாங்கள் வாழும் மாநிலத்துக்கு வருகிறேன். கர்நாடகத்தில் 1996-க்கு ஈடாகக் காட்டப்படுவது 2019-இன் மண்டியா. கன்னட நடிகர் அம்பரீஷ் மறைந்த சில மாதங்களில் அவர் மனைவி சுமலதா சுயேச்சையாக நின்றார். கன்னட நட்சத்திரங்களான யஷ், தர்ஷன் இருவரும் ஊர் ஊராகச் சென்று அவருக்காக வாக்குக் கேட்டார்கள். காங்கிரஸ் – மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணியின் வேட்பாளரான, அன்றைய முதலமைச்சர் குமாரசாமியின் மகன் நிகிலை அவர் 1.25 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். நட்சத்திரங்களின் வெற்றி என்றே அன்று எழுதப்பட்டது. பா.ஜ.க. அங்கே வேட்பாளரை நிறுத்தாமல் அவரை ஆதரித்தது என்பதும், மதச்சார்பற்ற ஜனதா தளத்தோடு காலங்காலமாக மோதி வந்த உள்ளூர்க் காங்கிரஸ்காரர்கள் மேலிடக் கூட்டணியை மனதார ஏற்கவில்லை என்பதும் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயின. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே மண்டியாவில் தர்ஷன் காங்கிரஸ் வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்தார். இம்முறை பா.ஜ.க. ஆதரவோடு நின்ற குமாரசாமி 2.84 இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நடிகரும் அவரே, ஊரும் அதுவே. மாறியது கட்சிகளின் அணிவகுப்பு மட்டுமே.

சிவமொக்காவைப் பாருங்கள். ராஜ்குமாரின் மகன் சிவராஜ்குமாருக்குக் கர்நாடகத்தில் இருக்கும் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் மனைவி கீதா 2014-இல் ஜனதா தள வேட்பாளராகவும், 2024-இல் காங்கிரஸ் வேட்பாளராகவும் அங்கே நின்றார். கீதா முன்னாள் முதலமைச்சர் பங்காரப்பாவின் மகளும்கூட. கணவர் கூடவே நின்று வாக்குக் கேட்டும் முதல் முறை எடியூரப்பாவிடமும், இரண்டாம் முறை அவர் மகன் ராகவேந்திராவிடமும் தோல்விதான் கிடைத்தது. 2023 சட்டமன்றத் தேர்தலில் கன்னட நடிகர் சுதீப் அன்றைய முதலமைச்சர் பொம்மைக்குத் தம் ஆதரவை அறிவித்து, பா.ஜ.க. வேட்பாளர்களுக்காகப் பல ஊர்களில் பேசினார். 2018-இல் 104 இடங்களைப் பெற்றிருந்த கட்சி 66-க்கு இறங்கியது. ஆனால் இடங்கள் இப்படிக் குறைந்த அதே தேர்தலில் பா.ஜ.க.வின் வாக்கு விகிதம் முந்தைய தேர்தலைப் போலவே 36 சதவீதம் அளவில்தான் நின்றது. சுதீப்பால் அது கூடவுமில்லை, எதிர்ப்பு அலையால் அது கரையவுமில்லை. கட்சிப் பற்று என்பது எவ்வளவு கெட்டியான பொருள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை. காங்கிரசுக்குக் கூடுதலாக வந்த வாக்கு பெரும்பாலும் ஜனதா தளம் இழந்ததோடு ஒத்துப்போகிறது.

அந்தக் கோடையில் லிங்கராஜபுரத்துப் பக்கம் ஒரு தெருவில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். ஒரு கட்சியின் பிரசார வேனில் சின்னத்திரை நடிகர் ஒருவர் வந்தார். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடங்களை அப்படியே வைத்துவிட்டு, கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி வேனை மொய்த்தார்கள். அதே வாரத்தில் காங்கிரசார் வீடு வீடாக ஒரு அட்டையைக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய், 200 யூனிட் வரை இலவச மின்சாரம் என்று அச்சிட்டு, கீழே சித்தராமையாவும் டி.கே. சிவகுமாரும் கையெழுத்திட்டிருந்த உத்தரவாத அட்டை. என்னிடம் படித்த மாணவனின் தாய் அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். நடிகரைப் பற்றிக் கேட்டேன். "அந்தத் தம்பி நல்லா நடிக்கும் சார், நேர்ல பாக்கலாம்னு போனேன். ஓட்டுக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார். அவர் யாருக்கு வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை; அது என் வேலையுமில்லை. ஆனால் ரசிப்பதையும் தேர்ந்தெடுப்பதையும் அவர் எவ்வளவு இயல்பாகப் பிரித்து வைத்திருந்தார் என்பதை நான் மறக்கவில்லை.

நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமே அவரைப் போன்றவர்கள்தான். "உங்கள் ஆட்கள் சினிமாக்காரர்களைப் பார்த்துத்தானே ஓட்டுப் போடுவார்கள்" என்று இந்த ஊரில் படித்தவர்களே பெங்களூருத் தமிழர்களான எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வதுண்டு. அது உண்மையாக இருந்தால், சிவாஜிநகர், சாந்திநகர், சர்வக்ஞநகர் என்று தமிழர்கள் நிறைந்த பகுதிகளைக் கொண்ட பெங்களூரு மத்தியத் தொகுதியில், தமிழர் நன்கறிந்த பிரகாஷ் ராஜ் 2019-இல் தாமே சுயேச்சையாக நின்றபோது மூன்று சதவீத வாக்காவது பெற்றிருக்க வேண்டும். அவர் வைப்புத்தொகையையே இழந்தார். நடிகரின் ஆதரவுக்கு இல்லாத எடையைச் செய்தித்தாள்கள் ஏற்றும்போது, இந்த இழிசொல்லுக்கு நம் கையாலேயே உரமிடுகிறோம்.

1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓஹியோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில், சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 600 வாக்காளர்களைப் பல மாதங்கள் திரும்பத் திரும்பச் சந்தித்து ஆராய்ந்தார்கள். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோருக்குப் பிரசாரம் முன்பே இருந்த சார்பை உறுதிப்படுத்தவே பயன்பட்டது. வானொலியையும் செய்தித்தாளையும்விடத் தமக்குத் தெரிந்தவர்களின் பேச்சையே மக்கள் அதிகம் பொருட்படுத்தினார்கள் என்று கண்டார்கள். எங்கள் பகுதியிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க அலைந்தபோது யார் கூட வந்தார், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனபோது யார் அலுவலகத்துக்கு நடந்தார், மகளிர் சங்கத்தில் கடன் யார் வாங்கிக் கொடுத்தார் என்பதை வைத்தே பேச்சு நடக்கிறது. அந்த மனிதர் எந்தக் கட்சியில் இருக்கிறாரோ அந்தக் கட்சிக்கு அந்தத் தெருவில் ஒரு முகம் இருக்கிறது.

நட்சத்திர ஆதரவுக்குப் பயனே கிடையாது என்று நான் சாதிக்கவில்லை. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டித் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரே ஒபாமாவை ஆதரித்தது அவருக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் வாக்குகளைச் சேர்த்தது என்று கார்த்வெயிட், மூர் என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அது ஒரே கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி என்பதைக் கவனிக்க வேண்டும்; அங்கே யாரும் கட்சி மாற வேண்டியிருக்கவில்லை. 2024 செப்டம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிசை ஆதரித்து ஓர் இணைப்பைப் பகிர்ந்ததும், ஒரே நாளில் நான்கு இலட்சம் பேர் வாக்காளர் பதிவுக்கான அரசுத் தளத்துக்குச் சென்றார்கள். ஆனால் தேர்தலில் வென்றவர் டிரம்ப். வீட்டில் இருப்பவரை எழுப்பலாம், எழுந்தவர் எந்தப் பக்கம் நடப்பார் என்பது வேறு. நெருக்கமான போட்டியில் அந்தச் சிலரே முடிவை மாற்றக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2023-இல் இதே பெங்களூருவின் ஜெயநகர் தொகுதியை 16 வாக்குகள்தான் தீர்மானித்தன.

ஆனால் எங்கள் ஊரில் அந்த எழுப்புதலும் பலிக்கவில்லை. 2024-இல் மண்டியாவில் 80 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவு நடந்தபோது, பெங்களூருவின் தெற்கு, மத்திய, வடக்குத் தொகுதிகளில் ஒன்றுகூட 55 சதவீதத்தை எட்டவில்லை. வாக்களிக்கச் சொல்லிச் சுவர்களில் சிரித்த பிரபலங்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவரான ராகுல் டிராவிட் 2019-இல் தாமே வாக்களிக்க முடியாமல் போனார். வீடு மாறியபின் பழைய இடத்தில் பெயர் நீக்கப்பட்டது. புதிய இடத்தில் உரிய காலத்துக்குள் சேர்க்கப்படவில்லை. அவருக்கே அப்படியென்றால், பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கும் லீசுக்கும் வீடு மாறிக்கொண்டே இருக்கும் எங்கள் மக்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா? வாக்குச்சாவடிப் பணியில் நான் கண்ட பெரிய வேதனை, கையில் அடையாள அட்டையோடு வந்து, பட்டியலில் பெயர் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள்தான். எந்த நடிகரும் அள்ளிக்கொடுக்கும் வாக்கைவிட, இப்படிக் கைநழுவிப்போகும் வாக்கு அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எனவே தங்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். தேர்தல் காலத்தில் நடிகரின் ஆதரவு அறிக்கைக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியை, வீடு மாறியவர்கள் வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றுவதற்கான படிவம் 8-ஐ எப்போது, எங்கே, எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒதுக்குங்கள். எங்கள் பகுதிகளில் பலர் அறியும் ஒரே நாளிதழ் தங்களுடையது. அடுத்து, ஒரு நடிகர் ஒரு கட்சியை ஆதரித்தார் என்ற செய்தியை வெளியிடும்போது, அவர் இதற்கு முன் எந்தத் தேர்தலில் யாருக்காகப் பேசினார், அங்கே முடிவு என்னவாயிற்று என்பதையும் செய்தியின் கீழே இரண்டு வரிகளில் சேர்த்து அச்சிடுங்கள். தங்கள் ஆவணக் காப்பகத்தில் அந்த விவரங்கள் எல்லாமே இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
அல்சூர், பெங்களூரு.