அக்கா வீட்டுக்காரரின் கார் கடனுக்கு ஜாமீன் கேட்கப்பட்டிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மாமா கார் எடுக்கிறார், அவருடைய சிபில் ஸ்கோர் இடிக்கிறது, உன் சம்பளச் சீட்டும் கையெழுத்தும் இருந்தால் கடன் பாஸாகிவிடும் என்கிறார்கள். "சும்மா ஃபார்மாலிட்டிதான் சார்" என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு இந்த மாத டெலிவரிக் கணக்கு முக்கியம். பேங்க் மாமாவின் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டது, இவரை மட்டும் நம்பிக் கொடுக்க முடியாது என்று முடிவும் செய்துவிட்டது. அதனால்தான் உன்னைத் தேடுகிறார்கள்.

முதலில் ஒன்றைக் கேள்: ஜாமீன்தாரரா, கோ-அப்ளிகன்டா? கோ-அப்ளிகன்ட் என்றால் முதல் டியூவிலிருந்தே அது உன் கடனும்தான். ஜாமீன்தாரர் என்றால் அவர் கட்டாதபோது உன்னிடம் வருவார்கள். கேட்க இரண்டாவது லேசாகத் தெரியும். ஆனால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "முதலில் அவரிடம் வசூல் பண்ணுங்கள், வண்டியை விற்றுப் பாருங்கள், பிறகு என்னிடம் வாங்க" என்று பேங்கை நிறுத்தி வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் இதை 1968-லேயே சொல்லிவிட்டது. பாதியில் "நான் விலகிக்கொள்கிறேன்" என்று கடிதம் கொடுத்தாலும், பணம் பட்டுவாடா ஆன கடனுக்கு அது செல்லாது. வேறு ஜாமீனைக் காட்டி, பேங்க் எழுத்தில் உன்னை விடுவித்தால்தான் உண்டு.

இரண்டிலும் ஆர்.சி. புத்தகம் பெரும்பாலும் மாமா பெயரில் மட்டும்தான் இருக்கும். அதில் பேங்கின் ஹைப்போதிகேஷனும், அதாவது வண்டி கடனுக்கு ஈடு என்பதும், பதிவாகியிருக்கும். உன் பெயர் எங்கும் இருக்காது. கடனில் நீ இருக்கிறாய், காரில் இல்லை.

கணக்குக்கு வருவோம். ஷோரூம் விலை 8.5 லட்சம், கடன் 8 லட்சம், வட்டி 9.5 சதவீதம், 7 வருடம் என்று வைத்துக்கொள். இ.எம்.ஐ. சுமார் 13,075 ரூபாய். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசல் 6.23 லட்சம் பாக்கி நிற்கும். அப்போது இன்ஷூரன்ஸில் வண்டியின் மதிப்பு, இரண்டு வருடம் தாண்டியதால் 30 சதவீதம் கழித்து, 5.95 லட்சம். மூன்று வருடம் முடிந்தால் பாக்கி 5.20 லட்சம், மதிப்பு 5.10 லட்சம். டியூ நின்று பேங்க் வண்டியைப் பிடித்து விற்றால், ஏலத்தில் அதுகூட வராது. சீஸ் செய்த செலவு, யார்டு வாடகை எல்லாம் கடன் கணக்கில் ஏறும். விற்ற பிறகு மிச்சம் நிற்கும் தொகைக்குத்தான் உன் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். 7 வருடக் கடனும் குறைந்த முன்பணமும் ஜாமீன்தாரருக்கு மோசமான ஜோடி. முன்பணத்தைக் கூட்டி 5 வருடமாகக் குறைக்கச் சொன்னால் இந்தப் பள்ளம் பெரிதும் சுருங்கும்.

இன்ஷூரன்ஸில் ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். புதுக் காருக்கு, அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்குக் கட்டாயம். சொந்த சேதத்துக்கான ஓன் டேமேஜை ஒரு வருடத்துக்கு மட்டும் போட்டிருக்கலாம். இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிக்காவிட்டாலும் தேர்ட் பார்ட்டி செல்லும் என்பதால் போலீஸ் சோதனையில் எதுவும் தெரியாது. வண்டி முழுசாக நொறுங்கினால் இன்ஷூரன்ஸ் பணம் வராது, கடன் மட்டும் அப்படியே இருக்கும். ஒயிட் போர்டு காரை வாடகைக்கு விட்டு விபத்தானாலும் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

உன் சிபில் ரிப்போர்ட்டில் இந்தக் கடன் உன் பெயரிலும் ஏறும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சின்னக் கட்டம், டியூ ஒழுங்காக இருந்தால் '000'. மாமா ஒரு மாதம் தவறவிட்டு 32 நாள் ஓடினால் அங்கே '032' என்று விழும். டியூ தவறியது உனக்கே தெரியாமல் இருந்தாலும் விழும். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். தவறாமல் கட்டினால்கூட ஒரு இழப்பு உண்டு. சம்பளம் 50,000, அதில் பாதிக்கு மேல் இ.எம்.ஐ. போகக் கூடாது என்று பேங்க் பார்த்தால், 8.5 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடன் உனக்கு 28.8 லட்சம் வரை கிடைக்கும். இந்தக் கார் கடனில் கோ-அப்ளிகன்டாக இருந்தால் அது 13.7 லட்சமாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் போடத்தான் வேண்டும் என்றால், சில காரியங்களைக் கையெழுத்துக்கு முன்பே முடி. உன் சம்பளக் கணக்கோ டெபாசிட்டோ இருக்கும் பேங்கில் ஜாமீன் நிற்காதே. பாக்கிக்காக அந்தப் பணத்தில் கைவைக்க ஒப்பந்தத்திலேயே வழி இருக்கும். தேதியும் தொகையும் எழுதாத காசோலையைக் கொடுக்காதே. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு வழக்கு ஜாமீன்தாரர் மீதும் பாயும். கணவரின் கார் கடனுக்கு ஜாமீன் நின்ற மனைவி கொடுத்த காசோலை விஷயத்தில் 2002-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. வெற்றிடம் விட்ட பக்கம் எதிலும் கையெழுத்து வேண்டாம். வட்டி, கட்டணங்கள் எல்லாம் அடங்கிய கே.எஃப்.எஸ். (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்) தாளின் பிரதியையும், நீ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியையும் வாங்கிவிடு.

கடன் ஓடும்போது, டியூ தேதிக்கு மறுநாள் கடன் கணக்கைப் பார்க்கும் வழி உன்னிடம் இருக்க வேண்டும். பேங்கின் ஆப் மாமாவுடைய மொபைலில்தான் என்றால், மாதம் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேள். சங்கடமாகத்தான் இருக்கும். ஓன் டேமேஜ் புதுப்பிக்கும் தேதியையும் குறித்துவை. ஒரு டியூ தவறினால் அன்றைக்கே நீ கட்டிவிடு, சண்டையைப் பிறகு வைத்துக்கொள். ஆனால் மாமா கையில் ரொக்கமாகக் கொடுக்காதே. உன் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு அனுப்பினால்தான், ஜாமீன்தாரராகக் கட்டியதை அவரிடமிருந்து திரும்பக் கேட்கும், ஒப்பந்தச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு உரிமைக்கு ஆதாரம் நிற்கும். கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அக்கா வீட்டுக்காரர் மேல் நீ வழக்குப் போடுவாயா என்பது உனக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், கையெழுத்துக்குப் பதிலாக முன்பணத்துக்கு ஒரு லட்சம் கொடு. போனாலும் அந்த ஒரு லட்சத்தோடு போகும். கடன் தொகை குறைந்தால் ஜாமீன் இல்லாமலே பாஸாகவும் வாய்ப்புண்டு. அதோடு மாமாவின் சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கச் சொல், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். பழைய கிரெடிட் கார்டு பாக்கி ஏதாவது இடிக்கிறதா, தவறான பதிவா என்று தெரிந்துவிடும். தவறு என்றால் புகார் கொடுத்தால் 30 நாளில் திருத்த வேண்டும்.

மறுப்பதாக இருந்தால் அக்காவிடம் நீயே நேரில் சொல். வீட்டுக் கடன் கணக்கைக் காட்டு, அது பொய்யில்லை. மாமா புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடு. கட்டிய பிறகு சொன்னால் அந்தப் பணம் திரும்பாததும் உன் மேல்தான் விழும்.

அன்புடன்,
அண்ணன்