ஆம்புலன்ஸின் பின்பக்கம் இருப்பவருக்கும் பெல்ட் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லது. சரி, வழி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வண்டிக்குள் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து வரும் மருத்துவ உதவியாளரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 11 வருஷம் அந்த வேலை பார்த்தவன் நான். நாங்கள் உட்காருவதே இல்லை.

நோயாளிக்கு நெஞ்சு, இடுப்பு, கால் என்று பட்டைகள் உண்டு. ஸ்ட்ரெச்சரின் லாக் 'டக்' என்று விழாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். ஆக்ஸிஜன் சிலிண்டரைக்கூடக் கட்டித்தான் வைத்திருப்போம். என் பெல்ட் மட்டும், நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, சீட்டுக்கு அடியில் சுருட்டிச் செருகிக் கிடந்தது. எடுத்து மாட்டப் போனேன். "தம்பி, உன்னையும் கட்டிப் போட்டுட்டா கேஸை யார் பாக்கிறது?" என்று சிரித்தார் சீனியர். அவரையும் குறை சொல்ல முடியாது. பெல்ட் போட்டால் பி.பி. கருவி கைக்கு எட்டாது. பிற்பாடு புதிதாக வந்த பையன்களிடம் நானும் அதையேதான் சொன்னேன்.

கயத்தாறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரு நாள் ராத்திரி. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த ஒரு பாட்டிக்கு நின்றபடியே டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஊசியை உருவிய நேரம் பார்த்து நாய் குறுக்கே வந்தது. பிரேக். முன்பக்கத் தடுப்பில் மோதி என் வலது தோள் இறங்கிவிட்டது; ஊசி இடது உள்ளங்கையில். பட்டை போட்டிருந்த பாட்டி அசையவில்லை. "ஏய்யா, அடி பட்டுருச்சா?" என்று என்னை விசாரித்தார்.

இப்படி ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விழுங்க வேண்டும். அது எதற்கான மாத்திரை என்று மனைவியிடம் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது.

ஊசி போடுவதைப் பெரும்பாலும் வண்டி கிளம்பும் முன்பே முடித்துவிடலாம். ஆனால் வெளியே நிற்கும் கூட்டம் விடாது. "இங்கேயே நின்னு என்னய்யா பண்றீங்க, வண்டிய எடுங்க" என்று கதவைத் தட்டுவார்கள். பி.பி. கருவியையும் சளி உறிஞ்சும் கருவியையும் பெல்ட் போட்டபடி எட்டும் இடத்துக்கு மாற்றுவது வெல்டிங் கடையில் அரை நாள் வேலை. நெஞ்சை அமுக்கி உயிர்மீட்கும்போது நின்றுதான் ஆக வேண்டும். அப்போது வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைசி மூன்று வருஷம் என்னோடு ஓட்டிய அண்ணன், ஸ்பீடு பிரேக்கர் கண்ணில் பட்டதுமே "பள்ளம்!" என்று குரல் கொடுப்பார். அவருக்கு அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. அவர் ஷிப்டில் ஒரு நாளும் நான் விழுந்ததில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் அந்த வண்டிகளில்தான் நின்றுகொண்டு போகிறார்கள்.

– முன்னாள் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், கோவில்பட்டி