பெட்டியைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள் ஐயா: ஏ.டி.எம்.மில் வராத 10,000 ரூபாய்க்கு மூன்றாவது மனு

அனுப்புநர்:
பெயரும் முகவரியும் முதல் மனுவில் உள்ளபடியே.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நாள்: 24.03.2025, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்.

பொருள்: ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வராமலே என் சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் கழிக்கப்பட்டது – 60 நாட்களாகியும் திருப்பித் தரப்படவில்லை – தாமத இழப்பீட்டுடன் பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 10.02.2025, 03.03.2025 ஆகிய நாட்களில் நான் நேரில் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட இரண்டு மனுக்களையும் தங்கள் கையில்தான் கொடுத்தேன். முதல் மனுவைத் தாங்கள் நின்று படித்து, ஓரத்தில் பச்சை மையில் எழுதி, பக்கத்தில் இருந்த அலுவலரிடம் கொடுத்தீர்கள். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு, 'தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பத்து நாள் கழித்து, 'தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது' என்று இன்னொன்று வந்தது. எது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது மனுவுக்கு முதல் செய்தி மட்டும் வந்து நிற்கிறது. ஆகவே மூன்றாவது முறையாகத் தங்கள் முன் வந்து, கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. வாய்க்கால் பாலம் இறங்கியதும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில், மாடிப்படிக்குக் கீழே உள்ள ஏ.டி.எம். தாங்கள் அறிந்ததே. நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்வையிட வந்த அன்று தங்கள் வண்டி அதன் வாசலில்தான் நின்றது. சுற்றியுள்ள ஏழு ஊருக்கும் அந்த ஒன்றுதான். ஜனவரி 23, வியாழக்கிழமை மாலை 6.42 மணிக்கு அதில் 10,000 ரூபாய் கேட்டு எண்களை அழுத்தினேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. பணம் வரும் வாய் திறக்கவில்லை. கார்டு வெளியே வந்தது. ரசீது வரவில்லை (அந்த இயந்திரத்தில் ரசீதுத் தாள் இருந்து நான் பார்த்ததே இல்லை). இரண்டு நிமிடத்தில் போனில் செய்தி வந்துவிட்டது: 10,000 ரூபாய் கழிக்கப்பட்டது. அதில் மட்டும் தாமதம் கிடையாது.

2. நான் அவசரப்பட்டு வெளியேறவில்லை. பணம் பிந்தி வரலாம், பின்னால் நிற்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்து, இருபது நிமிடம் அதன் முன்னாலேயே நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். புகார் எண் ஒட்டியிருந்த தாளில் கடைசி நான்கு இலக்கங்கள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன.

3. அந்தப் பணம் அறுவடை வண்டிக்கு. முந்தைய இரண்டு மனுவிலும் 'அவசரத் தேவை' என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அதனால்தான் யாருக்கும் உறைக்கவில்லை போலும். இந்த முறை விவரமாக எழுத அனுமதிக்க வேண்டும்.

எனக்கும் என் தம்பிக்குமாகப் பத்து மா (மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்) நிலத்தில் சம்பா நெல். கதிர் முற்றி நின்றது. அந்தச் சமயத்தில் வண்டி கிடைப்பது எவ்வளவு பாடு என்பது இந்த மாவட்டத்தில் பணிபுரியும் தங்களுக்குத் தெரியாதது அல்ல. தரகரிடம் ஒன்பது நாள் நடந்து முறை வாங்கினேன். ஆத்தூர்ப் பக்கத்து பெல்ட் வண்டி, சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடுவது. மணிக்கு 2,500 ரூபாய். நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் 10,000 எடுக்கப் போனேன். நான் திரும்பி வரும்போது வண்டி வரப்போரம் வந்து நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் மேல் குறை சொல்ல மாட்டேன். முந்தைய ஊரில் அறுத்துக் கொடுத்துவிட்டுக் கூலிக்கு இரண்டு நாள் அலைந்தவர். ரொக்கம் கைக்கு வராமல் வயலில் வண்டியை இறக்கக் கூடாது என்பது உரிமையாளர் உத்தரவு. நான் போனை எடுத்துக் காட்டினேன். பணம் போய்விட்டது என்று செய்தி வந்திருக்கிறது, பாருங்கள் என்றேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "போன பணம் உங்கள் கைக்கு வரவில்லையே பெரியவரே" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? வங்கி மேலாளராவது சொல்லட்டும்.

வண்டியின் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். என் மனைவி நான்கு வீட்டில் கேட்டு 2,300 ரூபாய் திரட்டி முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். அறுவடை நேரத்தில் யார் வீட்டில் ரொக்கம் இருக்கும்? எல்லோரும் கொள்முதல் பணத்துக்குக் காத்திருக்கும் ஆட்கள்தானே. எட்டரை மணிக்கு வண்டி கிளம்பிவிட்டது. பாலம் ஏறி இறங்கும்வரை அதன் பின்விளக்கு தெரிந்தது. தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை சரியாகப் பேசவில்லை.

அடுத்த வண்டி வர எட்டு நாள் ஆனது. முற்றிய கதிர் எட்டு நாள் தாங்குமா ஐயா? மூன்றாம் நாள் விடியற்காலை ஒரு தூறல். மழை என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. கதிரின் கனத்துக்கு அது போதும், பயிர் சாய்ந்துவிட்டது. தம்பியின் வயல் பள்ளம், அங்கே பாதிக்கு மேல் படுத்துவிட்டது. சாய்ந்த பயிரில் வண்டி ஒரு பக்கமாகத்தான் அறுத்துப் போக முடியும். திரும்பி வருவதெல்லாம் வெற்று ஓட்டம், ஆனால் மணிக்கணக்கு ஓடும். நான்கு மணி நேர வேலை ஏழு மணி நேரம் ஆனது. 17,500 ரூபாய் கொடுத்தேன், நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கி. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். அது அவர்கள் விதி, சரி. சாலையோரம் கொட்டி மூன்று நாள் காயவைத்து, இரவில் சாக்குப் போர்த்திப் படுத்துக் காவல் காத்தோம். உதிர்ந்த நெல் இப்போது உளுந்துக்கு நடுவே களையாக நிற்கிறது. தாங்கள் வந்தால் இன்றும் காட்டுவேன்.

இந்த நட்டத்தில் ஒரு ரூபாயைக்கூட நான் வங்கியிடம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். என் பணத்தையும், விதியில் உள்ளதையும்தான் கேட்கிறேன்.

4. மறுநாள் காலை இயந்திரத்துக்கு உரிய வங்கிக்குப் போனேன். 'கார்டு எங்களுடையது இல்லை, உங்கள் வங்கிக்குப் போங்கள்' என்றார்கள். என் வங்கிக்குப் போனேன். 'இயந்திரம் எங்களுடையது இல்லை, அவர்களிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்' என்றார்கள். எழுத்தில் புகார் வாங்கிக்கொள்ளவே மதியம் ஆகிவிட்டது. ஏழு வேலை நாள் ஆகும் என்றார்கள். பிறகு பத்து என்றார்கள். ஆறு முறை போனேன். பிப்ரவரி கடைசியில் ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் இயந்திரப் பதிவின்படி இது 'வெற்றிகரமான பரிவர்த்தனை', ஆகவே புகார் முடிக்கப்படுகிறது என்று இருக்கிறது. வெற்றி யாருக்கு என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

5. விதி என்ன சொல்கிறது என்று பி.காம். படிக்கும் என் தங்கை மகள் எடுத்துக் கொடுத்தாள். இந்திய ரிசர்வ் வங்கி 20.09.2019 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. கணக்கில் கழிந்து இயந்திரத்தில் பணம் வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். நாட்காட்டி நாள்தான் கணக்கு, வேலை நாள் இல்லை. தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே வரவு வைக்க வேண்டும். அவர்கள் என்னிடம் சொன்ன ஏழு வேலை நாள் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. அடுத்த வங்கியின் இயந்திரமாக இருந்தாலும் வாடிக்கையாளர் புகார் கொடுக்க வேண்டியது கார்டு கொடுத்த வங்கியிடம்தான். ஆக, என்னை அங்கும் இங்கும் அனுப்பியதற்கே வேலை இல்லை. இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

ஜனவரி 28-உடன் ஐந்து நாள் முடிந்தது. 29 முதல் இன்றுவரை 55 நாள். 5,500 ரூபாய். அசலுடன் 15,500.

6. பெட்டியைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள் ஐயா. இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இயந்திரத்துக்குள் நோட்டு வைக்கும் பெட்டிகள் தனி. ஒட்டிக்கொண்டதும் மடங்கியதுமான நோட்டு போய் விழும் பெட்டி தனி. பணம் நிரப்ப வரும் முகமை ஆட்கள் போட்டது எவ்வளவு, பதிவின்படி போனது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் மூடுகிறார்கள். என் 10,000 உள்ளே சிக்கியிருந்தால் அந்த முறைக் கணக்கில் 10,000 மிகுதியாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்குத்தாளைத்தான் கேட்டேன். 'அதெல்லாம் தர முடியாது' என்றார்கள். வெற்றிகரம் என்று ஒரு தாளை மட்டும் காட்டுகிறவர்கள், எண்ணிய கணக்கை ஏன் மறைக்க வேண்டும்?

7. கேமரா பதிவு. உள்ளே ஒன்று இருக்கிறது, தலைக்கு மேல் சிவப்பாக மினுங்குகிறது. 6.42 முதல் 7.05 வரை போட்டுப் பார்த்தால் நான் வெறும் கையோடு நிற்பது தெரியும். பணம் வரும் வாயில் தகடு ஒட்டி நோட்டைத் தடுத்து, ஆள் போனதும் எடுத்துப் போகும் திருட்டும் உண்டு என்கிறார்கள். அப்படி நடந்திருந்தால் அதுவும் அதில் தெரியும். பதிவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று இரண்டு வங்கியிலும் கேட்டேன். எங்கும் பதில் இல்லை. 60 நாள் போய்விட்டது. பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிட்டால் பிறகு என் பேச்சுக்குச் சாட்சி யார்?

8. பணம் திரும்பியதா என்று அதே இயந்திரத்தில் இருப்புப் பார்க்கப் போய், மாதத்துக்கான இலவச எண்ணிக்கை தீர்ந்து, கட்டணமும் பிடித்துக்கொண்டார்கள். தொழில்நுட்பக் கோளாறால் நிறைவேறாத பரிவர்த்தனையை இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்றும் 2019-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. சின்னத் தொகைதான். ஆனாலும் எரிகிறது.

9. ஐயா, வரம்பு மீறுவதாக நினைக்க வேண்டாம். பயிர்க்கடன் தவணையில் நான் ஒரு நாள் பிந்தினால் வட்டி தானாக ஏறுகிறது. அதற்கு மேலாளர் மனு எழுதுவதில்லை, திங்கட்கிழமை திங்கட்கிழமை வரிசையில் நிற்பதில்லை, கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருவதில்லை. அவர் பிந்தினால் மட்டும் நான் ஏன் மூன்று மனு எழுத வேண்டும்? நான் பொய் சொல்கிறேன் என்றால் அதையாவது எழுத்தில் கொடுக்கட்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய்க்காகப் பொய் சொல்கிற ஆளா என்று ஊரில் கேட்டுப் பார்க்கட்டும்.

வங்கிகள் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இல்லை என்று தங்கள் அலுவலகப் பிரிவில் ஒருவர் சொன்னார். தெரியும். ஆனால் மாவட்ட அளவிலான வங்கியாளர் ஆலோசனைக் குழுவுக்குத் தாங்கள்தான் தலைவர். மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளர் அந்தக் கூட்டத்தில் தங்கள் எதிரில்தான் உட்காருகிறார். இரண்டு வங்கிகளின் அதிகாரிகளும் அதே அறையில் இருப்பார்கள். என்னால் ஆறு நடையில் சேர்க்க முடியாத இருவரைத் தாங்கள் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடலாம். வங்கியின் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் போகக்கூடிய ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கும் எழுதுகிறேன். தங்கை மகள் தயார் செய்து வைத்திருக்கிறாள். அது ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்குள் கேமரா பதிவு அழிந்துவிடக் கூடாது என்பதே என் பதற்றம்.

ஆகவே, அந்தக் கேமரா பதிவையும் ஜனவரி 23-க்குப் பிறகு முதன்முறை பணம் நிரப்பியபோது எண்ணிய கணக்கையும் உடனே பாதுகாத்து வைக்க உத்தரவிடுமாறும், என் 10,000 ரூபாயை நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீட்டுடன் என் கணக்கில் வரவு வைக்கச் செய்யுமாறும், வெளுத்துப்போன அந்தப் புகார் எண்ணைப் புதிதாக எழுதி ஒட்டச் சொல்லுமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு இல்லை என்று சொன்னால் இப்போதாவது பெட்டியைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போது நான் வெளியே நிற்கிறேன், உள்ளே வரக்கூட வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர்

இணைப்பு: பாஸ்புக் பக்க நகல், வங்கி கொடுத்த 'வெற்றிகர'த் தாள், முந்தைய மனுக்களின் ரசீது இரண்டு.

பின்குறிப்பு: இந்த முறை பதிலைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னுடையது பட்டன் போன். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது, யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு அஞ்சல் அட்டை போதும்.