வாழ்கிறார்கள் என்று எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த கனடாப் பூர்வகுடிகள் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாவது தரம் கையில் பேனையோடு. பதினேழு வருடம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். வினைச்சொல்லைக் கண்டால் கோடு போடாமல் இருக்க முடியாது. 'வாழ்ந்தார்கள்', 'வேட்டையாடினார்கள்', 'வழிபட்டார்கள்'. மூன்று பக்கமும் இறந்தகாலம். 'இன்று மிசிசாகா என்ற நகரத்தின் பெயரில் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள்' என்ற கடைசி வரியில்தான் ஒரே ஒரு நிகழ்காலம் வருகிறது. அதுவும் பிழை.

ரொறன்ரோப் பக்கத்துப் பூர்வகுடிகளான மிசிசாகர்கள் இருக்கிறார்கள். கிரெடிட் ஆற்றங்கரையை விட்டு 1847 இல் பெயர்ந்தவர்கள், 'ஆறு தேசத்தார்' (Six Nations) என்ற இன்னொரு பூர்வகுடிக் கூட்டமைப்பு கொடுத்த நிலத்தில் குடியேறினார்கள். ஹேகர்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில், தாங்கள் தெரிவுசெய்த தலைவரோடும் சபையோடும் இன்றைக்கும் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம் போதும்.

காணி உறுதி என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரொறன்ரோவை மிசிசாகர்களிடமிருந்து பிரித்தானியர் வாங்கியதாக 1787 இல் எழுதிய உறுதியில் எல்லை கூடக் குறிக்கப்படவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்ய 1805 இல் இன்னொன்று எழுதினார்கள். விலை பத்து ஷில்லிங். அந்தக் காணி பற்றி மிசிசாகர்கள் வைத்த உரிமைக் கோரிக்கை 2010 இல்தான் 145 மில்லியன் டொலருக்குத் தீர்ந்தது. அதுவரை ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று யாரும் கேட்கக்கூடும். அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. ஆனால் 1927 முதல் 1951 வரை, அரசின் அனுமதியில்லாமல் நில உரிமைக்காகக் காசு சேர்ப்பதோ சட்டத்தரணி பிடிப்பதோ குற்றம். எங்களில் பெரும்பாலானோர் இருக்கும் ஸ்காபுறோ வேறு கணக்கு. அது ஏழு பூர்வகுடிகளோடு அரசு 1923 இல் செய்த வில்லியம்ஸ் நில உடன்படிக்கைகளுக்குள் வருகிறது. அந்த ஏழு குடிகளிடமும் கனடா அரசும் ஒன்ராறியோ அரசும் மன்னிப்புக் கேட்டு, 1.1 பில்லியன் டொலர் கொடுத்தது 2018 இல். அந்த வருடம் உங்கள் சஞ்சிகையில் வீடு வாங்குவது பற்றி எத்தனையோ விளம்பரங்கள் வந்தன. இது பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளிகளுக்குக் கட்டுரையாளர் ஒதுக்கியது ஒரே ஒரு வசனம்: 'சில பள்ளிகளில் தவறுகள் நடந்தன.' என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதினால், தவறு செய்தது யார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுப்பேன். நடத்தியவை தேவாலயங்கள். காசு கொடுத்தது அரசு. 1920 இல் சட்டத்தைத் திருத்திப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துப் போகச் செய்தவர், பூர்வகுடியினரை 'இந்தியர்' என்று குறித்த 'இந்திய விவகாரத் திணைக்களத்தை' நடத்திய டங்கன் காம்பெல் ஸ்கொட். அங்கே பிள்ளைகள் காசநோயில் சாகிறார்கள் என்று பீற்றர் பிரைஸ் என்ற அரசாங்க வைத்தியர் 1907 இலேயே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. வேலையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகு, 1922 இல் அவரே அதைச் சிறு நூலாக வெளியிட்டார். மொத்தத்தில் ஒன்றரை இலட்சம் பிள்ளைகள். கடைசிப் பள்ளிகள் மூடியது தொண்ணூறுகளில். பிரான்ட்ஃபோர்டில் இருந்த பள்ளிக்கு அதில் படித்தவர்கள் வைத்த பெயர் 'மஷ் ஹோல்'. கஞ்சிக் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் அதைத்தான் ஊற்றினார்களாம்.

தாய்மொழியில் கதைத்ததற்கு அங்கே அடி விழுந்தது. நாங்கள் தமிழ் படிப்பித்தது பள்ளிச் சபை திறந்துவிட்ட வகுப்பறைகளில், இதே ஒன்ராறியோவில். எங்கள் துயரமும் அவர்கள் துயரமும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. யாருடைய செத்தவீட்டுக்குப் போனாலும் எங்கள் கதையைத் தொடங்கிவிடும் பழக்கம் எங்களுக்கு உண்டு. இந்த இடத்தில் அது வேண்டாம். 2021 குடிசன மதிப்பில் பூர்வகுடியினர் 18 இலட்சம். தங்கள் மொழிகளில் ஒன்றைப் பேசக்கூடியவர்கள் ஏறத்தாழ 2,37,000 பேர். மிச்சப் பேருக்குத் தங்கள் மொழி மேல் அக்கறை இல்லாமல் போனதாலா இந்த நிலை?

'செவ்விந்தியர்' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். 1876 ஆம் ஆண்டின் 'இந்தியர் சட்டம்' இன்னும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. அதைக் குறிப்பிடும்போது அப்படி எழுதத்தான் வேண்டும். மற்றப்படி அனிஷினாபே, கிறீ, மோஹாக், இனுயிற், மெற்றி என்று பெயர்கள் இருக்கின்றன. 2021 இல் ஆளுநர் நாயகமாகப் பதவியேற்ற மேரி சைமன் ஓர் இனுயிற் பெண். 2023 இல் மனிற்ரோபா மாகாண முதல்வரான வாப் கினூ அனிஷினாபே. அவருடைய தகப்பன் வதிவிடப் பள்ளியில் வளர்ந்தவர். இவர்களை எந்தக் காலத்தில் எழுதுவார் உங்கள் கட்டுரையாளர்?

என் மருமகள் 2022 இல் குடியுரிமைச் சத்தியம் செய்தது எங்கள் சாப்பாட்டு மேசையில், கணினிக்கு முன்னால், வலது கையைத் தூக்கிக்கொண்டு. நான் குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 1994 இல் நான் சொன்னதிலே இல்லாத ஒரு துண்டு அதில் வந்தது: முதற்குடியினர், இனுயிற், மெற்றி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியலமைப்பு. வதிவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 94 கோரிக்கைகளில் கடைசிக் கோரிக்கை அது. 2021 யூனில் சட்டமானது. 'இது புதுசோ பிள்ளை?' என்று கேட்டேன். 'தெரியாது மாமி, திரையில இருந்ததை வாசிச்சனான்' என்றாள். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான், மகாராணியின் வாரிசுகள் வரைக்கும் விளங்காமலே சொல்லிமுடித்தேன்.

புதிதாக வருகிறவர்கள் பலருக்கு இந்த நாட்டைப் பற்றித் தமிழில் முதலில் கையில் கிடைப்பது உங்களுடையதைப் போன்ற சஞ்சிகைகள்தான். அதனால் கேட்கிறேன்: அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரையின் கடைசி வரிக்காவது. செப்ரெம்பர் முப்பதாம் திகதிக்கு முதல் வந்தால் நல்லது; அன்றைக்கு வதிவிடப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவாகச் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற என் பேரனுக்கு அதைத்தான் தமிழ் வாசிக்கக் கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தமிழ் ஆசிரியை ஒருவர்,
ஸ்காபுறோ