நம் ஊர்க் கணக்கு ஊருக்கே வர வேண்டும்: தூசி கிராமப் படிப்பகத்துக்கும் ஆவண அறைக்கும் நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், இங்கே பிறந்து வேலூர், காஞ்சிபுரம், சென்னை, பெங்களூர், வளைகுடா என்று பிழைக்கப் போயிருக்கிற பிள்ளைகளுக்கும், பெண் கொடுத்து பெண் எடுத்த ஊர்க்காரர்களுக்கும் வணக்கம். கெங்கையம்மன் அருளால் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். படிப்பகத்தின் பழைய மெத்தைக் கூரை இன்னொரு மழையைத் தாங்காது என்று மேஸ்திரி கைவிரித்துவிட்டார். கட்டைகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. போன கார்த்திகையில் மூன்று இடத்தில் ஒழுகி, அண்டா வைத்துப் பிடித்தோம். ஐப்பசி மழைக்கு முன்னால் தளம் போட்டு, மூன்று வாரமாவது தண்ணீர் கட்டி ஆற விட வேண்டும் என்றால், புரட்டாசி முதல் தேதி வேலை தொடங்கியாக வேண்டும். அதற்கு ஆவணி முடிவதற்குள் பணம் கையில் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் 3,37,500 ரூபாய் குறைகிறது.

ஒரு படிப்பகத்துக்கு இவ்வளவு அவசரமா என்று கேட்பவர்களுக்காகத்தான் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. பெரியவர்களில் சிலருக்கும் பாதிதான் தெரியும்.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியல் பேராசிரியராக ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தில் பிளிமத் ஊரில் 1864-ல் பிறந்தவர். லண்டனின் ஊலிச் பகுதிக்கு மேயராக இருந்தவர். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே நடந்த ரஸ்கின் கல்லூரிக்கு 1909 முதல் முதல்வர். இங்கிலாந்துக் கிராமங்களில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த நிலங்களும் மேய்ச்சல் காடுகளும் வேலி போட்டு அடைக்கப்பட்டு, சிறு விவசாயிகள் எப்படிக் கையில் ஒன்றும் இல்லாமல் போனார்கள் என்பதை ஆராய்ந்து 1907-ல் புத்தகம் எழுதியவர். தன் நாட்டில் ஏழைக் குடியானவனின் கதையை அப்படித் தோண்டிப் பார்த்த மனிதர் மதராஸில் இறங்கியதும் என்ன கேட்டிருப்பார்? இந்த ஊர்க் கிராமத்தான் எப்படி வாழ்கிறான் என்றுதான் கேட்டார். பதில் சொல்ல ஒழுங்கான கணக்கு யாரிடமும் இல்லை. சர்க்காரிடம் இருந்ததெல்லாம் வரி வசூல் கணக்கு.

அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு ஆச்சரியம்தான். ஆள் அம்பு வைத்துக்கொண்டு ஆராய்ச்சி நடத்தவில்லை. தன் வகுப்பு மாணவர்களைக் கூப்பிட்டு, கேள்விப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, தெரிந்த கிராமங்களுக்குப் போய் விசாரித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நிலம் யாரிடம், குத்தகை எப்படி, என்ன விளைகிறது, மாடு எத்தனை, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் யாருக்கு என்ன தொழில். இது நடந்தது 1916-ல். அந்த அறிக்கைகளைத் திருத்திச் சேர்த்து 1918-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வழியாகப் புத்தகமாக்கினார். அதில் திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் வடமலைபுரம், தஞ்சாவூர் ஜில்லாவில் பாலக்குறிச்சி, தென் ஆற்காட்டில் இருவேல்பட்டு. வட ஆற்காட்டுக்கு ஒரே ஊர். அது தூசி.

வேலூரும் ஆற்காடும் ஆரணியும் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்த அத்தனை பெரிய ஜில்லாவில், நம் ஊர். மாமண்டூர் மலையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைகளும், சித்திரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்தில் பெயர் பெற்ற நம் ஏரியும் நம் பெருமை என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதெல்லாம் ராஜாக்கள் விட்டுப்போனது. நம் தாத்தாவுக்குத் தாத்தா எத்தனை ஏர் வைத்திருந்தார், என்ன வட்டிக்குக் கடன் வாங்கினார் என்பதைக் கேட்டு எழுதிவைத்த காகிதம் வேறு எத்தனை ஊருக்கு இருக்கும்?

இதோடு நிற்கவில்லை. பின்னால் அதே பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் 1936-37-ல் இந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். அந்தப் புத்தகம் 1940-ல் வந்தது. மூன்றாவது தடவை, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ்.குகனும் கே.பரதனும் தூசியை மறு ஆய்வு செய்து 1984-ல் அறிக்கை வெளியிட்டார்கள். குகன் தமிழ்நாடு அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. அந்த நிறுவனத்தை 1971-ல் தொடங்கிய மால்கம் ஆதிசேஷையா நம் வேலூரில் பிறந்தவர், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர். வேலூர்க்காரர் தொடங்கிய நிறுவனம், வட ஆற்காடு ஜில்லா ஊரைத் தேடி வந்தது என்று எங்கள் குழுவின் மூத்தவர் இதைச் சொல்லும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

இடையில் 1973-74-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, புதிய நெல் ரகங்கள் வந்த பிறகு என்ன மாறியது என்று பார்க்க வட ஆற்காட்டுக் கிராமங்களுக்குத்தான் வந்தன. கிணறும் பம்புசெட்டும் யாரிடம் இருந்தது என்பதில்தான் பாதிக் கதை இருந்தது. அதை நம் அப்பாக்களிடம் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்! சரி, கேட்டு எழுதியவர்கள் அவர்கள். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இன்றைக்கும் ஆராய்ச்சி செய்பவர்கள் ஸ்லேட்டர் கிராமங்கள் என்றே இந்த ஊர்களை அழைக்கிறார்கள். ஸ்லேட்டர் 1921-ல் பல்கலைக்கழகத்தை விட்டார், 1938-ல் காலமானார். அவர் பொருளியல் பேராசிரியர்தான். ஆனாலும் கிராமத்துச் சமூகத்தைக் கிராமத்துக்குள் போய்ப் படிக்க வேண்டும் என்று தென்னிந்தியாவில் பாதை போட்டவர்களில் அவர் முன்னோடி.

எங்களை வருத்துவது இதுதான். மூன்று தடவை நம் ஊரைப் படித்தார்கள். மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். வெளிநாட்டு நூலகங்களில் தூசி அலமாரியில் இருக்கிறது. தூசியில் தூசியைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் ஒரு நூலகத்தில் நகல் எடுத்து வந்து, படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்து ஆசிரியர் ஒருவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். அன்றைக்கு இரவு பத்தரை வரைக்கும் யாரும் எழுந்து போகவில்லை. அங்கே தொடங்கியதுதான் இந்த வேலை.

1980-களில் வந்தவர்களை நேரில் பார்த்தவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். நோட்டும் பேனாவுமாகத் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்டார்களாம். மாட்டைக் கேட்டால் சொல்வார்களாம், நிலத்தைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்களாம், கடனைக் கேட்டால் வீட்டுக்காரம்மா உள்ளே போய்விடுவாராம். இதைச் சொன்ன பெரியவருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. அவரோடு சேர்ந்து பதில் சொன்ன மூன்று பேர் இந்த இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால்தான் அவசரம்.

செய்யப்போவது மூன்று காரியம். மெத்தையை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டுப் படிப்பகத்தைக் காப்பாற்றுவது. 1918 புத்தகத்தில் நம் ஊரைப் பற்றிய பகுதியைத் தமிழாக்கி அச்சிட்டு வீட்டுக்கு ஒன்று கொடுப்பது. அப்புறம், ஸ்லேட்டர் செய்த மாதிரியே, நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேர் கேள்வித்தாளோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நாலாவது கணக்கை எழுதுவது. இந்த முறை ஊரும் காலனியும் சேர்ந்து எழுதும். அந்தப் பழைய புத்தகத்தில், பண்ணைக்குக் கட்டுப்பட்டு வேலை செய்த படியாட்கள் எப்படி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதும் இருக்கிறது. அதைப் படிக்கும்போது தலை குனிய வேண்டிய இடம் வரும். அதற்காக அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட முடியாது. பெருமை மட்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் குழுவின் பதில் இதுதான். செய்யாறு சிப்காட் வேன் காலையில் எத்தனை பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது, எத்தனை கிணறு வற்றிவிட்டது, யார் இன்னும் நெல் போடுகிறார்கள் என்பதையெல்லாம் நாமே எழுத வேண்டும்.

செலவு: கூரையை எடுத்துத் தளம் போட 4,80,000 ரூபாய். இரும்பு அலமாரி, மேசை, விளக்கு, மின்விசிறிக்கு 95,000. தமிழாக்கமும் ஐந்நூறு பிரதி அச்சும் 1,40,000. கணக்கெடுப்புக்குப் படிவம், போக்குவரத்து, பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் சேர்த்து 85,000. ஆவண அறைக்காகப் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்ய 60,000. ஆக மொத்தம் 8,60,000. இதுவரை வந்தது 5,22,500. தருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் வராதது 1,10,000.

வந்ததற்கு நன்றி சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இங்கே இல்லை, ரசீதுப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் நாற்பத்தாறு பேர் சம்பள நாளன்று வேனிலேயே உண்டியல் சுற்றி ஆளுக்கு நூறு கொடுத்தார்கள். முதல் பணம் அதுதான், அந்தக் கையால் தொடங்கியது என்று எங்களுக்குச் சந்தோஷம். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று 12,000. சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் தம்பி மூன்று தவணையாக ஒரு லட்சம். மேஸ்திரி தன் கூலியில் பத்து நாளை விட்டுக்கொடுக்கிறேன் என்றிருக்கிறார். கூத்துக் கட்டும் கலைஞர்கள் மாசியில் ஒரு ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து ஆடி, தட்டில் விழுந்ததையெல்லாம், விடிந்ததும் நம் கையில் கொடுத்தார்கள். விடியற்காலை சில்லறையை எண்ணும்போது அரிதாரம் கலையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துரியோதனனை எங்களால் மறக்க முடியாது. டீக்கடைக்காரர் குழு கூடும் ஒவ்வொரு ஞாயிறும் டீக்குக் காசு வாங்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மண் உண்டியல் உடைத்துக் கொடுத்தது 3,870 ரூபாய்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு அம்மா பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, மாமனார் காலத்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே 1920-களிலிருந்து நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதுகள், குத்தகைச் சீட்டுகள், ஏரி மராமத்துக்கு ஆள் அனுப்பிய கணக்கு. 1980-ல், ஊர் நிலக் கணக்கு எழுதிவந்த கர்ணம் வேலையை எடுத்தபோது எத்தனை வீட்டில் இப்படிப் பெட்டி பெட்டியாகக் காகிதக்காரருக்கு எடைக்குப் போனது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த அம்மா கொடுத்ததற்கு நாங்கள் ரசீதில் என்ன தொகை எழுதுவது? எழுதவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தோம்.

இனி சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன திருவிழாவில் சீரியல் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் ஊர் கொடுத்தது. அம்மனுக்குச் செய்ததை நாங்கள் குறை சொல்லவில்லை, அவள் சந்நிதியில்தான் இந்த வேலையைத் தொடங்கினோம். ஆனால் அந்தப் பட்டியலில் ஐயாயிரம், பத்தாயிரம் எழுதிய வீடுகளில் பல, இந்த ரசீதுப் புத்தகத்தை அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பியிருக்கின்றன. மூன்று தடவை வந்தாயிற்று. கலியாணத்தில் மொய் வைக்காவிட்டால் மொய் நோட்டில் நம் பேர் இருக்காது, நாளைக்குப் பிள்ளைகள் புரட்டிப் பார்ப்பார்கள் என்று பதறுகிற ஊர் நாம். இந்தக் கட்டடத்தின் சுவரில் ஒவ்வொரு வீட்டுப் பேரும், தொகை இல்லாமல், வரப்போகிறது. ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் வரும்.

வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் பலர் பரீட்சைக்குப் படித்தது இந்தப் படிப்பகத்தின் டியூப்லைட் வெளிச்சத்தில்தான். வீட்டில் கரண்ட் இல்லாத நாளில் இங்கே ஓடிவந்ததை உங்கள் அம்மாக்கள் மறக்கவில்லை. ஒரு ஆள் 5,000 ரூபாய் என்றால் அறுபத்தெட்டு பேர் போதும், பாக்கி முழுக்கத் தீர்ந்துவிடும். தருகிறேன் என்று சொன்னவர்கள் முதலில் அனுப்புங்கள்.

வருமான வரி விலக்குச் சான்று நம்மிடம் இல்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். குழுவின் வங்கிக் கணக்கு எண்ணும் ஜிபே விவரமும் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கின்றன, வேறு எந்த எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். வரவு செலவு ஞாயிறுதோறும் பால் சொசைட்டிப் பலகையில் ஒட்டப்படும். பணமாகத் தர முடியாதவர்கள் சிமெண்ட், கம்பி, ஜல்லி எதுவானாலும் தரலாம். தளம் போடுகிற அன்றைக்கு ஆள் வேண்டும், இளைஞர்கள் முன்னமே பேர் கொடுத்துவிடுங்கள்.

ஆவணி கடைசி வரை தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை படிப்பகத் திண்ணையில் குழுவில் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். வரும்போது வீட்டுப் பரணில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
படிப்பகம் மற்றும் ஆவண அறைக் குழுவினர்,
தூசி