போரிஸ் தன் மகனுக்குச் சொன்னது

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல். ருஷ்யாவின் கசானில், பௌமன் தெருவில் ஷல்யாபின் சிலையருகே நின்று நீ எடுத்து அனுப்பிய படம் வந்தது. "இவரைத் தெரியுமா அப்பா?" என்று மட்டும் கீழே கேட்டிருந்தாய், அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தேர்வுக் காலமாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது முறை என்பதால் இதை எழுதுகிறேனே தவிர, வேறு எதையும் விசாரிப்பதற்காக அல்ல.

கார்க்கியைப் படித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, அவருடைய நண்பர் என்ற அளவிலாவது ஓபெரா என்னும் இசைநாடகப் பாடகர் ஃபியோதர் ஷல்யாபினைத் தெரியும். 1873-இல் நீ இருக்கும் அதே கசானில் பிறந்தவர். சிலையின் அருகே உயர்ந்து நிற்கிற மணிக்கூண்டு இருக்கிறதே, அந்தத் தேவாலயத்தில்தான் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. தந்தை ஓர் அலுவலக எழுத்தர். குடித்துவிட்டு வந்தால் அடிப்பார். மகனைச் செருப்புத் தைக்கவும் மரம் கடையவும் பழக அனுப்பியவர், நாடகக் கொட்டகையில் பித்தாக அலைந்த பிள்ளையிடம், அதைவிட வாசல் பெருக்கும் வேலைக்குப் போகலாம் என்று சொன்னாராம். நான் உன் விருப்பம் எதற்கும் குறுக்கே நின்றதில்லை என்பதை நீயே ஒப்புக்கொள்வாய். மருத்துவம் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று உன் பெரியப்பா கேட்டபோதும் உன் பக்கம்தான் பேசினேன்.

ஊர் ஊராகத் திரிந்து டிஃப்லிஸ் (இன்றைய திபிலிசி) நகருக்கு வந்து பட்டினி கிடந்த அவரை, உசாத்தவ் என்ற ஓய்வுபெற்ற பாடகர் 1892-இல் மாணவராக ஏற்று, காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார். உடம்பில் நாற்றம் அடிக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மாற்றுத்துணி கொடுத்து, சாப்பாட்டு மேசையில் எப்படி உட்கார வேண்டும் என்பது வரை பழக்கினாராம். நீயும் வேளைக்குச் சாப்பிடு. பாடம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதே.

பீட்டர்ஸ்பர்க் அரச மேடையில் இருந்தவரை 1896-இல் மாமந்தவ் என்ற செல்வந்தர் மாஸ்கோவில் தாம் நடத்திய தனியார் ஓபெராவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கேதான் இசையமைப்பாளர் ரக்மானினவின் நட்பு கிடைத்தது. 1898 கோடையில் ஒரு பண்ணை வீட்டில் உட்கார்ந்து முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கதுனோவ்' ஓபெராவை அவரிடம் வரிவரியாகப் பாடம் செய்தார். வரலாற்றாசிரியர் க்ளுச்செவ்ஸ்கி ஷல்யாபினைக் காட்டுக்குள் நடக்க அழைத்துச் சென்று, அந்தக் கதையில் வரும் சூழ்ச்சிக்காரப் பிரபு ஷூய்ஸ்கி எப்படிப் பேசியிருப்பான் என்று தாமே நடித்துக் காட்டினார். பேராசிரியர் ஒருவர் மரங்களுக்கு நடுவே நின்று பிரபுவாக நடித்திருக்கிறார் என்பதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

அதே கோடையில் இயோலா தொர்னாகி என்ற இத்தாலிய நடனப் பெண்ணை மணந்தார். மறுநாள் விடியற்காலையில் நண்பர்கள் சன்னலுக்கு வெளியே தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டி ஆரவாரம் செய்ய, அந்தக் கச்சேரியை நடத்தியவர் ரக்மானினவ். மொழி வேறு, நாடு வேறு என்பதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மனிதர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். இதைப் பொதுவாகச் சொல்கிறேன்.

அவர் குரலைக் கேட்க வேண்டுமென்றால், 1928 ஜூலையில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், மக்கள் முன் பாடியபோதே பதிவான போரிஸின் இறப்புக் காட்சியைக் கேள். யூடியூபில் கிடைக்கிறது. கதைப்படி, குழந்தையைக் கொன்று அரியணை ஏறிய ருஷ்ய ஜார் மன்னன் போரிஸ், சாகும் நேரத்தில் மகனைக் கூப்பிடுகிறான். எந்த வழியில் இந்த நாடு எனக்குக் கிடைத்தது என்று கேட்காதே, அது உனக்குத் தெரிய வேண்டாம் என்கிறான். பிறகு அறிவுரை ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது: பிரபுக்களை நம்பாதே, துரோகத்தைத் தண்டி, உன் சகோதரியைக் காப்பாற்று. ஷல்யாபின் அங்கே பாதிப் பாட்டும் பாதிப் பேச்சுமாக இறங்கிவிடுகிறார். தாளம் அவர் மூச்சுக்காகக் காத்திருக்கிறது. இசைக்குழு நடத்துநர்களோடு அவருக்கு ஓயாத சண்டை என்பதில் வியப்பில்லை. "நான் இன்னும் ஜார்தான்!" என்று கத்துகிற குரல் சில நொடிகளில் மன்னிப்புக் கேட்கிற முணுமுணுப்பாகிவிடுகிறது. கனத்த குரல் அவருக்கு முன்பும் பலருக்கு இருந்தது; ஓபெராப் பாடகன் நடிகனாகவும் இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுப்பட்டதற்கு அவரே பெருங்காரணம். 1908-இல் கலைநிகழ்ச்சி அமைப்பாளர் தியாகிலெவ் இந்த ஓபெராவைப் பாரிசுக்குக் கொண்டுபோனபோது, ருஷ்ய இசை என்றால் என்ன என்று மேற்கு நாடுகள் அறிந்துகொண்டது இந்த மனிதரின் வாயால்தான். பின்னால் வந்த எந்தப் போரிஸையும் அவரோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள். அந்தப் புகழில் எனக்கே ஏதோ பங்கு இருப்பது போல, நீ அவர் ஊரில் படிப்பதை இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1922-இல் அவர் கச்சேரிப் பயணம் என்று சொல்லிக்கொண்டு வெளிநாடு போனார். புரட்சி அரசின் 'மக்கள் கலைஞர்' பட்டத்தை 1918-இலேயே பெற்றவர். திரும்பி வருவார் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். அவர் திரும்பவே இல்லை. திரும்ப மாட்டேன் என்றும் முதலில் சொல்லவில்லை. அதற்கு முன்பே அவருக்கு இன்னொரு குடும்பம் அமைந்திருந்தது. இயோலாவோ மாஸ்கோ வீட்டிலேயே நெடுங்காலம் இருந்தார், மகள் இரீனாவும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. பாரிசில் புலம்பெயர்ந்த ருஷ்யக் குழந்தைகளுக்கு அவர் பணம் கொடுத்ததைக் காரணம் காட்டி, 1927-இல் பட்டத்தைப் பறித்தார்கள். பிறகு கார்க்கியோடு இருந்த நட்பும் முறிந்தது. 1938 ஏப்ரலில் பாரிசிலேயே இறந்தார். 1984-இல்தான் அவருடைய எச்சங்களை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள்.

அவர் போனது தவறு என்று நான் சொல்லவில்லை. இருந்திருந்தால் அந்தக் குரலுக்கு என்ன ஆகியிருக்குமோ யார் கண்டது? போன இடத்தில் உலகமே கேட்டது. இசைத்தட்டுகள் பலவும் நமக்கு அதனால்தான் கிடைத்தன. இரீனாவின் பக்கம் நின்று பார்த்தால், வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ ஒரு சொல் முன்கூட்டியே கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அவ்வளவுதான். நீ எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை; உன் தங்கைதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

1982 முதல் கசான் ஓபெரா அரங்கில் ஷல்யாபின் பெயரால் விழா நடக்கிறது, வழக்கமாகப் பிப்ரவரியில். அந்தப் பக்கம் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் விட்டுவிடாதே. இரண்டு சீட்டாகவே வாங்கிக்கொள். உடன் வருகிறவர் யாராக இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். பணம் அனுப்புகிறேன். போரிஸ் போட்டால், கடைசிக் காட்சியில் பாடகர் நின்றபடி சாகிறாரா, விழுகிறாரா என்று பார்த்து எழுது. கழுத்துத்துணி இல்லாமல் வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு.

விடுதிக்கு அனுப்பிய பருப்புப்பொடிப் பொட்டலம், அந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. உன் அம்மாவிடம் தபாலில் ஏதோ குழப்பம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் புதிதாக அரைத்துக் கட்டி வைத்திருக்கிறாள். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா